உண்டா, இல்லையா: கல்முனையில் ஒரு படிவம்

மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒன்று வேண்டுமென்று வீட்டில் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன். மட்டக்களப்பில் காலை 7.10க்கு அக்கரைப்பற்று பஸ். நாற்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். பஸ் மருதமுனை வழியாகத்தான் போகிறது. நான் தூங்கிவிட்டதால் கல்முனையில் போய் இறங்கினேன். நீங்கள் விழித்திருங்கள்.

கல்முனையில் ஓட்டோ பிடித்தேன். மருதமுனை போய், சாய்ந்தமருதுக் கடற்கரையும் பார்த்துத் திரும்ப 2,500 ரூபா. ஓட்டுநர் றிஸ்வானுக்கு ஐம்பது வயதிருக்கும். சாரி வாங்கி முடிந்ததும், "சேர், பள்ளிவாசல்ல ஒரு அலுவல் இரிக்கு, பத்து நிமிசம்" என்றார். சரி என்றேன். போகிற வழியில் அதைச் சொன்னார்.

பதினெட்டு நாளில் மகளுக்கு நிக்காஹ். அதற்குப் பள்ளிவாசலின் கடிதம் வேண்டும். கடிதம் கேட்பவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் புதிய நடைமுறை. அதில் ஒரு கேள்வி: வீட்டில் போதைப்பொருள் பாவிப்பவர் உண்டா? உண்டு என்றால் விடயம் நிர்வாகக் கூட்டத்துக்குப் போகும், நிக்காஹ் தள்ளிப்போகும். றிஸ்வானின் பதினேழு வயது மகன் கஞ்சா பாவிக்கிறான்.

"ஏசினாப் போனத் தூக்கிக் காட்டுறான் சேர். 'ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்க்க அரசாங்கமே அனுமதி குடுக்குது, உங்களுக்கு என்ன வாப்பா' எண்டு கேக்கிறான். டியூசன் வாசல்ல எல்லாப் பொடியனும் இதத்தான் கதைக்கிறானுகள். அப்ப சட்டம் மாறிட்டுத்தானே? 'இல்ல' எண்டு எழுதினாப் பொய்யாகுமா?"

பொய்யில்லை என்று சொல்லியிருந்தால் மனிதர் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் செய்தியை நானும் வாசித்திருந்தேன். "அது கம்பனிக்காரன் வேலி போட்டு வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்கு. பாவிக்கிறவனுக்குச் சட்டம் மாறேல்ல" என்றேன். பையன்கள் தலைப்பை மட்டும் வாசித்திருக்கிறார்கள். பெரியவர்கள் அனுமதித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

"அல்லாஹ்வே" என்றார். "பள்ளிக்குள்ள இரிந்து எப்பிடிப் பொய் எழுதுற? உள்ளத எழுதினா மறுகா மகளுக்கு என்ன செல்லுவன்?" பள்ளிவாசல் முன்னால் ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

காத்திருந்த நேரத்தில் உங்களுக்காகக் குறித்துக்கொண்டவை: வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் பூட்டு, அன்று போகாதீர்கள். சாரிக்கு விலை பேசலாம், ஆனால் சிரித்துப் பேசுங்கள். பத்து மணிக்குப் பிறகு கடற்கரை அடுப்புத்தான். அப்பப்பா, என்ன வெயில்!

இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தார். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

"உள்ளத எழுதிக் குடுத்தன். பள்ளிச் செகட்டரி ஹாஜியார் வாசிச்சிட்டு எழும்பிக் கதவச் சாத்தினார். ஏசப்போறார் எண்டு நினைச்சன். இன்னொரு படிவத்த எடுத்து அவர்ர பேரப் போட்டு, அந்தக் கேள்விக்கு 'உண்டு' எண்டு எழுதினார் சேர். அவர்ர மகனும் என்ட மகன்ட வகுப்புத்தான். ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்கு ரெண்டு பேப்பரும் போகுது."

"அப்ப கடிதம்?"

"தெரியா சேர்" என்றபடி ஓட்டோவைக் கிளப்பினார். "ஆனா அந்தக் கூட்டத்துக்கு நான் தனியாப் போகல்ல."