நண்டுக்கையனின் கடைசிப் பக்கம்

கார்மேகத்தைப் போல நிலைகொள்ளாத மனுஷனை நான் பார்த்ததில்லை. சைட்டில் நாள் முழுக்கக் கம்பி கட்டிவிட்டு வந்தாலும், துபாய் அல் குசைஸ் கேம்ப் ரூமில் ஓர் இடத்தில் உட்கார மாட்டான்.

2007இல் ஊருக்குப் போன ஜப்பான் இன்ஜினியர் ஒருவர் குப்பையில் போட்ட படக்கதைப் புத்தகம் அவன் கையில் சிக்கியது. மலையையே பெயர்த்தெறியும் மல்லர்களின் கதை. எழுத்து புரியாவிட்டால் என்ன, படம் போதுமே! குடுமிக்காரன் நாயகன், நண்டுக்கையன் வில்லன் என்று இவனே பேர் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்குக் கதை சொன்னான். முதலில் குடுமிக்காரனைத் தோளில் சுமக்கும் நண்டுக்கையன், கடைசியில் அவன் நெஞ்சைக் கொடுக்கால் நசுக்குவான்.

"பாத்தீங்களாடா? கூட இருந்தே குழி பறிச்சுட்டான்!"

எதிர்க் கட்டில் சரவணகுமாருக்கும் இவனுக்கும் ஆகவே ஆகாது. கம்பி கட்டுவதில் போட்டி, குளிக்கிற வாளிக்கும் சண்டை. அந்தப் பொங்கலுக்கு லீவு ஒருத்தருக்குத்தான், முறை சரவணகுமாருடையது. திடீரென்று அவன், "என் லீவை நீ எடுத்துக்கடா. போய் உன் மகளைப் பாரு" என்றான். மகளுக்கு ரெண்டு வயது. கார்மேகம் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. உடனே மனைவி நாகஜோதிக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லியும்விட்டான்.

அதோடு விட்டானா? மூன்று நாளாய்ச் சோறு இறங்கவில்லை. "நான் போனதும் என் மேஸ்திரி வேலையைப் புடுங்கிக்குவான். இது நண்டுக்கையன் வேலைதான்" என்று ரூமுக்கும் வராண்டாவுக்குமாய் நடந்தான். வியாழக்கிழமை ஃபோர்மேனிடம், "அவன் லீவு எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டான். சரவணகுமாரும் ரோஷத்தில், "எனக்கும் வேணாம்" என்றான். லீவு வேறு ரூம்காரனுக்குப் போனது. இரண்டு பேரையும் அறைய வேண்டும்போல எனக்கு ஆத்திரம்.

மறுநாள் சோப்பு வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் கீழக்கரை லுக்மான் பாயிடம் புத்தகத்தைக் காட்டி வில்லன் புராணம் பாடினான். பாய் புத்தகத்தைத் திருப்பிப்போட்டு, மறுபக்க அட்டையைத் திறந்தார்.

"ஏங்க, கடைசியில இருந்தா படிச்சீங்க? நாங்க ஓதுற அரபிக் கிதாபு மாதிரி, இதுவும் வலப்பக்கமா தொடங்குற புஸ்தகம். பக்க நம்பரக்கூடப் பாக்கலையா?"

புரட்டப் புரட்டக் கார்மேகத்தின் முகம் வெளிறியது. நெஞ்சை நசுக்கியவன் கடைசிப் பக்கத்தில் எதிரியைத் தோளில் சுமந்து நெருப்பைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

ரூமுக்கு ஓடிவந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சரவணகுமார் முன்னால் அந்தப் படத்தை நீட்டினான். "தலைகீழாப் படிச்சுட்டேன்டா, சரவணா."

"மூணு வருசமா எதிர்க் கட்டில்ல கெடக்கேன். என்னைத் தெரிஞ்சுக்க உனக்கு ஜப்பான்காரன் புத்தகம் வேணுமாடா?"

கார்மேகம் கட்டிலில் உட்கார்ந்தான். அவன் அசையாமல் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். தலைமாட்டில் போன் அடித்தது, நாகஜோதிதான். அவன் எடுக்கவில்லை. கடைசியில் சரவணகுமார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தான்.

"தங்கச்சி, கம்பெனியில லீவு குடுக்கலம்மா. அவன் மேல தப்பு இல்ல."