காலி அட்டைகள்

மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு ‘மாத்திரை அக்கா’ என்றே பெயர். இரத்த அழுத்தத்துக்கான புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், நோயாளிகள் மாதாமாதம் கொண்டுவரும் மாத்திரை அட்டைகளில் மிச்சமிருப்பதை எண்ணி எழுதுவது ஒன்றரை வருடமாக அவள் வேலை. வீட்டில் உப்பைக்கூட எண்ணித்தான் போடுவாள் என்று கணவர் கேலி செய்வார். மாத்திரையை மிச்சம் வைத்தவர்களை அவள் திட்டியதில்லை. அவள் முகம் மட்டும் வாடிவிடும்.

அன்று ஆய்வில் இருந்த தையல்காரர் ஒருவர் வழக்கம்போல் காலி அட்டையை நீட்டினார். ஆனால் அவருடைய அழுத்தம் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை.

“அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. எல்லாத்தையும் முழுங்கினீங்களா?”

“பாதிதாம்மா. அதுக்கே தலை சுத்துது.”

“மீதி?”

“வர்ற வழியில சாக்கடையில போட்டுட்டேன். மிச்சம் இருந்தா உன் மூஞ்சி தொங்கிப்போகுதே! பெரிய டாக்டர் உன்னைத்தானே கேப்பாரு? நான் மட்டுமா? வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்களையும் கேட்டுப் பாரு.”

“நல்லா காப்பாத்துனீங்க போங்க!” என்று சிரித்துவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தாள். மருந்து பலன் தரவில்லை என்று ஆய்வை நடத்தும் பெரிய மருத்துவர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். சொன்னால் அவளுடைய பதிவேடு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும், வேலையே போகலாம். சொல்லாவிட்டால் சாப்பிடாத மருந்தின் மேல் பழி விழும், தலைசுற்றலும் யாருக்கும் தெரியாமல் போகும்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரின் கதவைத் தட்டினாள்.

“சார், அறிக்கையைக் கொஞ்சம் நிறுத்துங்க. நான் எண்ணினது சரிதான், ஆனா எழுதினது எதையும் நம்பாதீங்க.”