முதுகில் நாலு தட்டு

ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் எங்கள் பெண்களின் சாஃப்ட்பால் அணிக்கு ஸ்கோர் எழுதியவன் நான். தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. எண்ணாமல் இருக்க எனக்கு வராது. வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்தால் அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. முந்தைய வருடம் ரன் எடுக்க ஹோம் தட்டுக்குச் சறுக்கி வந்தபோது, அங்கே பந்து பிடிக்கும் கேட்சர்மேல் மோதி, இடது காறையெலும்பு முறிந்தது. நாற்பத்திரண்டு நாள் கட்டு.

எதிரணிகள் பயிற்சி கொடுத்த மாஸ்டரின் கைச்சைகைகளைப் படித்துவிட்டதால் அவர் எண்களுக்கு மாறினார். நான் ஸ்கோர் படிப்பதுபோல் மூன்று இலக்க எண் ஒன்றைக் கத்துவேன். ஒற்றைப்படை இன்னிங்ஸில் முதல் இலக்கம்தான் கணக்கு, இரட்டைப்படையில் கடைசி. ஒன்று என்றால் ஓடாதே. நாலு என்றால் மட்டை பிடித்தவள் பந்தை மெல்லத் தட்டிவிட வேண்டும். ஹோமுக்கு முந்தைய மூன்றாம் பேஸில் நிற்பவள் கண்ணை மூடிக்கொண்டு ஹோமுக்கு ஓட வேண்டும். எந்த இலக்கம் என்பதை மாஸ்டர் என் பின்னால் நின்று முதுகில் தட்டிச் சொல்வார்.

அன்று பாடி ஊரிலிருந்து வந்த அணியோடு ஆட்டம். நான் கத்தக் கத்த அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "இன்னா அண்ணாத்தே, லாட்டரி ரிசல்ட்டா படிச்சினு கீற? நமக்கு எதுனா உயுந்துச்சா?"

ஆறாவது இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். மூன்றாம் பேஸில் என் மகள். ஹோமில் அவர்களுடைய கேட்சர் கால் அகட்டி, வழியை அடைத்து உட்கார்ந்திருந்தாள். என் மகளைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பாள்.

முதுகில் தட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு நிற்க வேண்டுமே என்று நினைத்தேன். நாலு.

பேஸுக்கும் ஹோமுக்கும் அறுபதடி. அவள் ஓட்டத்தில் பதினாறு எட்டு. பதினாறாவது எட்டில் அந்தக் கேட்சர்.

"நானூத்தி எழுபத்தொண்ணு" என்று கத்தினேன்.

முதலில் நாலு, கடைசியில் ஒன்று. கேட்டால் இன்னிங்ஸ் மாறிப்போனது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு நொடியில் சாக்கையும் சேர்த்தே கணக்குப் போட்டிருந்தேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓடவில்லை. மட்டை பிடித்தவள் உயரத் தூக்கி அடித்து அவுட்டானாள், அடுத்தவளும் அப்படியே. அந்த ஒரு ரன்னில் தோற்றோம்.

"இன்னா சார், பஸ்ல எத்தினி ஜன்னல்னு எண்ணுறவரு நீங்க. உங்களுக்கா இன்னிங்ஸு மறந்துச்சு?" என்றார் மாஸ்டர். நம்பினாரா, தெரியாது. அதற்குமேல் கேட்கவில்லை.

வீடு திரும்பும்போது இருநூறாவது எட்டில் மகள் ஆரம்பித்தாள்.

"நோட்டுல ஆறுன்னு நீங்கதானேப்பா எழுதுனீங்க."

"ஆமா."

"அப்போ தெரியும்."

ஸ்கோர் நோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அடுத்த மேட்ச்சுக்கு நீங்க நம்பர் சொல்ல வேணாம்ப்பா. நானே மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் வேறொரு பெண்ணின் அப்பா உட்கார்ந்தார். நான் கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். நாலாவது இன்னிங்ஸ், மூன்றாம் பேஸில் மறுபடியும் அவள். "எட்நூத்தி முப்பத்திநாலு" என்று அவர் நிதானமாகக் கத்தினார். வேலியோரம் நின்ற யாருக்கும் அது ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் அர்த்தம் தெரியும். வீசியவளின் கையை விட்டுப் பந்து புறப்பட்டதும் மகள் ஓடினாள்.

எண்ணினேன். பதின்மூன்றாவது எட்டில் அவள் சறுக்கினாள். செம்மண் எழும்பி இரண்டு பேரையும் மறைத்தது. கம்பியை இறுகப் பிடித்திருந்தேன்.

புழுதிக்குள்ளிருந்து முதலில் எழுந்தது அவள்தான். இடது தோளைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ரன் சேர்ந்தது என்று அம்பயர் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். அவள் வேலிப் பக்கம் திரும்பாமல் பெஞ்சுக்கு நடந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது எத்தனை எட்டு என்று அன்றைக்கு நான் எண்ணவில்லை.