சுண்ணாம்பு வந்த செவ்வாய்க்கிழமை

"செவ்வாய். வேல் முடிந்த கிழமை. பகல் நல்ல வெயில். தோட்டத்துக்குச் சுண்ணாம்பு வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம்."

கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. அந்நாட்களில் இப்படி எழுதி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவைப்பேன். இந்தத் தாளின் மேல் மூலையைக் கரப்பான் அரித்துவிட்டதால் ஆண்டு போய்விட்டது. வேல் என்பது கொழும்பின் ஆடிவேல் விழா, அதனால் மாதம் ஆடி. அக்காவின் மகள் பிறந்தது 1935 இல், மன்னரின் வெள்ளி விழாவுக்குச் சற்று முன்னர். சுண்ணாம்பு வந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது கடந்திருந்தது. யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. ஆகவே 1938 என்று கொள்கிறேன்.

தோட்டம் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடி உள்ள இடமல்ல. ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைகளும், அவற்றுக்கு இடையில் ஓடும் கழிவுநீர்க் கான்களும், எல்லோருக்கும் பொதுவான ஒரு பைப்பும் கக்கூஸும் சேர்ந்ததுதான் தோட்டம். அக்கா வீட்டில் இரண்டு அறைகள். பின்னறைக்கு யன்னல் இல்லை. அதன் சுவரோடு ஒட்டி அடுத்த வரிசையின் கான் ஓடியது. மழை தொடங்கினால் அந்தச் சுவர் இடுப்பளவுக்கு ஊறும். சுவரில் சாய்த்துவைத்த பாய் விரிக்கும்போது பூஞ்சணம் மணக்கும்.

அத்தான் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினார். உலகமெல்லாம் வியாபாரம் படுத்தபோது அவருடைய சம்பளமும் குறைந்தது. பம்பலப்பிட்டியில் இருந்த வாடகை வீட்டை விட்டு, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார்கள். பெட்டிகளில் ஒன்றை அக்கா வந்த நாளிலிருந்து அவிழ்க்காமலே வைத்திருந்தாள். நான் கோட்டையில் ஒரு கப்பற்கம்பெனியில் இளைய கிளாக்கர். முன்னறையில் படுத்து, சாப்பாட்டுக்கு என் பங்கைக் கொடுத்து வந்தேன்.

பிள்ளைக்கு இழுப்பு. மழைக்காலத்தில் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு ஒருவரும் தூங்கமுடியாது. டாக்குத்தர் பின்னறையை வந்து பார்த்துவிட்டு மருந்து எழுதவில்லை. "ஐப்பசி மழைக்கு முந்திப் பிள்ளையை இந்தச் சுவருக்கு அங்காலை கொண்டுபோங்கோ" என்றார். யாழ்ப்பாணத்தில் அத்தானின் தமக்கை இருந்தா. பிள்ளையில்லாதவ. பிள்ளையைத் தன்னிடம் விடும்படி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டா. அந்த வரி வரும்போது மட்டும் அக்கா கடிதத்தை வாசிப்பதை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஈரமில்லாத வீடு கிடைத்தால் பிள்ளை கொழும்பில். கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில். மூன்றாவது வழி இருப்பதாக அன்று நாங்கள் நினைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் முனிசிப்பல் மட்டக்குளிப் பக்கம் சிறிய வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தது. தோட்டங்களில் இருக்கிற குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். கதவு, யன்னல் எதுவும் இன்னும் பொருத்தியிருக்கவில்லை. வீட்டுக்கு இரண்டு அறை, தனிப் பைப்பு, எதிரெதிரே யன்னல். அக்கா ஒரு யன்னல் ஓட்டைக்குள் இரண்டு கையையும் விரித்து அளவு பார்த்தாள். வேல் விழாக் கடைகளில் கர்ட்டினுக்கு என்று பூப்போட்ட சீத்தைத் துணி வாங்கினாள். "இன்னும் வீடு தரேல்லை" என்றேன். "துணி பழுதாப் போகாது" என்றாள்.

இனிச் செவ்வாய்க்கிழமை. அன்று வேலை விட்டு நேரத்தோடு வந்துவிட்டதால் இதை நானே கண்டேன். வீட்டுச் சொந்தக்காரரின் வாடகை வாங்கும் கணக்கப்பிள்ளை வண்டியில் சுண்ணாம்பு மூட்டைகளோடு நின்றார். தும்புத் தூரிகைகளும் கொண்டுவந்திருந்தார். நாங்கள் இருந்த காலம் முழுவதும் அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஒரு ஓடு மாற்றித் தந்ததில்லை.

"முதலாளி இனாமாத் தாறார். எல்லாரும் உள்ளும் புறமும் அடியுங்கோ" என்றார் கணக்கப்பிள்ளை.

எதிர்வரிசையில் ஒரு வடைக்காரி இருந்தாள். கப்பல்களுக்குக் கரி சுமக்கிறவரின் மனைவி. இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். ஒழுங்கை முனையில் வடை சுட்டு விற்பாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னா கணக்கப்புள்ளே, மொதலாளிக்கு மேலுக்கு முடியலையா? திடீர்னு புண்ணியம் தேடுறாரு?"

"உனக்கு இல்லை. போன மாதம் வாடகை கேட்டதுக்கு என்னை நாலு சனம் கேட்கத் திட்டினனிதானே? உன்ரை சுவர் உன்ரை வாய் மாதிரியே நாறிக்கிடக்கட்டும்."

"கெடக்கட்டும்யா! மிச்சச் சுண்ணாம்ப ஊட்டுக்குக் கொண்டுபோயி மொகத்துல பூசிக்க. ஒம் பொஞ்சாதியாச்சும் திரும்பிப் பாப்பா!"

தோட்டம் முழுவதும் சிரித்தது. அவளுடைய கதவைத் தவிர எல்லாக் கதவுகளுக்கும் சுண்ணாம்பு கிடைத்தது.

மறுநாள் புதன்கிழமை. பைப்படிச் சுவரில் முனிசிப்பல் அறிவித்தல் ஒட்டியிருந்தது. புதிய வீடுகளுக்கு ஆட்களைத் தெரிவுசெய்வதற்காகச் சுகாதார இன்ஸ்பெக்டர் அடுத்த நாள் ஒவ்வொரு வீடாகப் பார்க்க வருகிறார். அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் வீட்டுக்கு வரும்போது அக்காவின் புருவத்திலும் சுண்ணாம்பு.

"பார்த்தியே தம்பி, கடவுளாப் பார்த்து நேற்று அனுப்பினவர். இண்டைக்கு ரெண்டாந்தரமும் அடிச்சிட்டன். சுவரிலை முட்டாதை."

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா வைச்சிருக்கிற ஆக்களுக்குத்தானே புதுவீட்டை நம்பிக் குடுப்பினம். ஊத்தையாக் கிடக்கிற ஆக்களுக்குக் குடுத்து அதையும் ஊத்தையாக்கவோ?"

"ஓம், அதுதானே நியாயம்" என்றார் அத்தான்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்களுடைய ஆட்களுக்கு மேலே போவதற்கு ஒரே ஒரு வழிதான் பழக்கம். சோதினை எடுப்பது, கூடிய புள்ளி வாங்குவது. யாராவது பார்வையிட வருகிறார் என்றால் அதுவும் சோதினை. திறமாகச் செய்தவனுக்குப் பரிசு. புள்ளி குறைந்தவனுக்குப் பரிசு கொடுக்கிற சோதினை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தை நான் வாசிகசாலையில் எடுத்துப் படித்தது பிறகு. மனிதர் வாழத் தகாத வீட்டை மூடச் சொல்லிக் கட்டளையிடலாம் என்று அதில் இருக்கிறது. மூடினால் வாடகை போகும். யாருக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டது என்பது அதைப் படித்தபின்தான் விளங்கியது.

வியாழக்கிழமை நடந்ததை நான் காணவில்லை. அக்கா சொன்னதையும் வடைக்காரி சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். அக்கா நல்ல சேலை உடுத்து, பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கி வைத்து, அவிழ்க்காத பெட்டியை அவிழ்த்து அதிலிருந்த பீங்கான் கோப்பையில் இன்ஸ்பெக்டருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பிள்ளைக்குத் தலைவாரிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தாள். அது வெயில் காலம், பிள்ளை இருமவில்லை. இன்ஸ்பெக்டர் சிங்களவர், மரியாதையான மனிதர். பின்னறைக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "வெரி கிளீன், வெரி கிளீன்" என்றார். இது அக்கா சொன்னது. அன்று பின்னேரம் அதை மூன்று தடவை சொன்னாள்.

வடைக்காரி வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அவள் சொன்னதில் இன்னுமொன்று கூட இருந்தது. சுவரைத் தொட்ட விரலில் ஒட்டிய வெள்ளையை அவர் பார்த்தாராம். சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்தாராம். பிறகு சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பற்றி அக்கா எங்களுக்குச் சொல்லவில்லை. காணவில்லையா, காண விரும்பவில்லையா என்று நான் கேட்கவுமில்லை.

எதிர்வீட்டுக்கு அவர் போனபோது, "மாத்தயா, மூக்கப் பொத்திக்கிட்டு வாங்க, உள்ள விழுந்துராதீங்க!" என்று வடைக்காரி வரவேற்றாளாம். புகையில் கறுத்த சுவர், பாசி, சமையலுக்கு மேலே ஒழுகும் ஓடு. அவர் அங்கே தேத்தண்ணி குடிக்கவில்லை.

எங்கள் வரிசையிலும் எதிர்வரிசையிலுமாக ஒரு குடும்பத்துக்குத்தான் புதிய வீடு கிடைத்தது. அது வடைக்காரி குடும்பம். அவள் இருந்த வீட்டுக்கு மூடும் கட்டளை வந்தது. அவள் போன பிறகு கணக்கப்பிள்ளை அதற்கும் வெள்ளையடித்து, வீடு திருத்தியாயிற்று என்று கட்டளையை நீக்குவித்து, கூடுதல் வாடகைக்கு வேறு ஆட்களை வைத்தார். மற்ற வீடுகளெல்லாம் குடியிருக்கத் தகுந்தவை என்று எழுதப்பட்டன. முனிசிப்பல் சேவகன் வந்து சொல்லிவிட்டுப் போனபின் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சுத்தமா இருந்ததோ பிழை?" என்று அத்தானிடம் கேட்டாள். அத்தான் கடைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் வெள்ளவத்தைக்கு ரயில் ஏறினேன். வீட்டுச் சொந்தக்காரர் அங்கே கடற்கரைப் பக்கம் இருந்தார். அவரும் யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். ஏழைகளின் குடியிருப்பைப் பற்றி ஒரு மண்டபத்தில் அவர் பேசியதை நான் போய்க் கேட்டிருக்கிறேன். நன்றாகப் பேசினார். அவருடைய விறாந்தையில் கடற்காற்று நான் எழுதிக்கொண்டுபோன கடதாசிகளைப் பறக்கவிட்டது. முழங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

எந்த ஊர், யாருடைய பகுதி என்று கேட்டு முடித்தபின், "அப்ப எங்கடை ஆக்கள்தான். இரும், தம்பி" என்றார்.

"ஐயா, பின்சுவர் ஊறுது. பிள்ளைக்கு இழுப்பு. வீடு பழுதெண்டு நீங்கள் ஒரு கடிதம் குடுத்தால் திரும்ப வந்து பார்ப்பினம்."

"வீடு நல்லது எண்டு இன்ஸ்பெக்டர் எழுதிப்போட்டார். நான் அவரைப் பொய்யர் எண்டு சொல்லவோ?"

"சுண்ணாம்பு அடிச்சபடியால்..."

"வெள்ளையடிச்சுத் தரேல்லை எண்டு வருஷக்கணக்காக் குறை சொன்னது ஆர்? நீங்கள்தானே? தந்தாலும் குறையோ?" அவருக்குக் கோபம் வரவில்லை. என்னை ஆறுதல்படுத்துகிறவர் போலக் கொஞ்சம் முன்னே சாய்ந்தார். "அதோடை தம்பி, அது கூலியாக்களுக்குக் கட்டின வீடு. எங்கடை ஆக்கள் அங்கை போய் இருக்கிறதை நினைக்க எனக்கே வெக்கமாக் கிடக்கு."

"இன்ஸ்பெக்டர் வாறது உங்களுக்கு முதலே எப்பிடித் தெரியும், ஐயா?"

எழுந்து நின்றார். "உமக்கு ரயிலுக்கு நேரமாச்சுது போலை."

புரட்டாசி முடிய வடைக்காரி மட்டக்குளியிலிருந்து வந்தாள். அக்காவுக்கு ஒரு பொட்டலம் வடை. உள்ளே வரவில்லை, வழமைபோல வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு ரூம்பு இருக்கும்மா. ஒண்ணுல நீங்களும் பாப்பாவும் மழை முடியிற வரைக்கும் இருங்க. சோறு தனியா ஆக்கிக்கங்க. ஒங்க சட்டி பானையில நான் கை வைக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்ல வேண்டி வந்தது. எங்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது.

அவள் போனபின் அத்தான் சொன்னார்: "கரி சுமக்கிறவன் வீட்டிலையோ என்ரை பிள்ளை படுக்கிறது? ஊரிலை அறிஞ்சால் என்ன சொல்லுவினம்?"

"ஊர் என்னவும் சொல்லட்டும், அத்தான். பிள்ளை உங்களோடை இருக்கும்" என்றேன்.

"உமக்குக் கலியாணம் ஆகேல்லை. நீர் கதைப்பீர்."

அக்கா வடைப் பொட்டலத்தை அவிழ்த்துப் பிள்ளைக்கு ஒன்று கொடுத்தாள். அத்தானை எதிர்த்து ஒரு சொல் சொல்வாள் என்று பார்த்திருந்தேன். அவள் கர்ட்டினுக்கு வாங்கிய சீத்தையில் பிள்ளைக்குப் பயணச் சட்டை தைத்தாள். ஐப்பசி மழை தொடங்கிய கிழமை அத்தான் பிள்ளையை யாழ்ப்பாணம் கொண்டுபோய் விட்டுவந்தார். இழுப்பு அங்கே சுகமாகிவிட்டது. டாக்குத்தர் சொன்னது சரி. அந்தக் கிழமையே எங்கள் சுவரில் சுண்ணாம்பு தட்டுத் தட்டாகக் கழன்று பாயில் விழுந்தது.

ஒரு மாரிக்கு என்று போன பிள்ளை பிறகு வரவில்லை. சுவர் மாறவில்லை, சம்பளமும் கூடவில்லை. யுத்தம் வேறு வந்துவிட்டது. 1942 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று யப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. பலரைப் போல அக்காவும் அந்தக் கிழமையே ஊருக்கு வெளிக்கிட்டாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். படலையைத் திறந்தபோது முற்றத்தில் ஏழு வயதுப் பிள்ளை நின்றது. எங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் திரும்பிச் சத்தம் போட்டது:

"அம்மா! கொழும்பு அம்மா வந்திருக்கிறா!"

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவ எங்கே தண்ணீர் இருக்கிறது என்று கேட்டாள். விருந்தாளிகள் கேட்பதுபோல.

குண்டுப் பயம் தணிந்து அக்கா கொழும்புக்குத் திரும்பியபோதும் பிள்ளை அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது. மகள் இன்றும் கடிதத்தில் "அன்புள்ள கொழும்பு அம்மாவுக்கு" என்றுதான் எழுதுகிறாள். அக்காவும் அப்படியே ஒப்பமிடப் பழகிவிட்டாள்.

சுண்ணாம்பு செவ்வாய்க்கிழமை வந்தது. அறிவித்தல் புதன்கிழமை ஒட்டப்பட்டது. இரண்டுக்கும் என்னிடம் தாள் இருக்கிறது. ஆகவே குடியிருந்தவர்களுக்கு முன்னரே சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னது அந்த வட்டாரத்து முனிசிப்பல் மெம்பர் என்று வடைக்காரி சத்தியம் செய்கிறாள். முனிசிப்பல் சேவகன் ஒருவனே சொன்னான் என்று கணக்கப்பிள்ளை சாவதற்கு முன்னர் என்னிடம் சொன்னார், ஆளைக் காட்டவில்லை. இன்ஸ்பெக்டராகவே இருக்கலாம் என்று அக்கா நினைக்கிறாள், அதுவும் அந்தச் சிரிப்பைப் பற்றி நான் சொன்ன பிறகு. மூன்றில் ஒன்றுக்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. யார் சொன்னது என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.