நீலச் சுவரும் ஒரு நிமிடமும்

கோட்டைக்குள் எங்கள் தெருவில் இருக்கும் வெங்கடசுப்ரமணியனின் மகள் மாளவிகா. கழக்கூட்டம் புறநகரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வங்கியொன்றின் ஓய்வூதியச் செயலியைச் சோதித்துச் "சரி" என்று குறிப்பது அவள் வேலை. யாருக்காக என்று தெரியாமலே ஆறு வருடம் பொத்தான்களை அமுக்கியவள், அலுத்துப்போய் ராஜினாமா கொடுத்துவிட்டாள். மனம் மாறினால் திரும்பப் பெறத் திங்கட்கிழமை வரை அவகாசம்.

இடையில் சனிக்கிழமை வந்தது. ஊழியர்கள் வேலையில் அர்த்தம் காண்பதற்காக, நிறுவனம் தன் பெயர் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி அவர்களை ஒரு முதியோர் இல்லத்துக்குச் சுவருக்கு வண்ணம் பூச அனுப்பியது. அர்த்தம் காண்பது கட்டாயம். காணாதவர்களுக்கு விடுப்பில் ஒரு நாள் கழியும்.

இல்லத்தின் மேற்பார்வையாளர் பிரேமா இதற்கெல்லாம் பழகியவர்.

"போன வாரம் வந்தவங்க மஞ்சள் அடிச்சாங்க. நீங்க நீலம் அடிங்க மக்களே. மத்த சுவரைத் தொடவேண்டாம். இது ஒண்ணைத்தான் உங்களை மாதிரி வாறவங்களுக்குன்னு விட்டிருக்கு."

உள்ளே தண்ணீர் குடிக்கப் போன மாளவிகாவை, அங்கே தங்கியிருக்கும் விஜயம் மாமி கைப்பேசியோடு மடக்கினார்.

"ஏண்டிம்மா, நான் உயிரோட இருக்கேன்னு இதுல சொன்னாத்தான் பென்ஷனாம். நம்பர் வர்றது. கண்ணாடியைத் தேடி எடுக்கறதுக்குள்ள மூடிக்கறது. மூணு நாளா செத்துண்டே இருக்கேன்."

அது மாளவிகாவின் செயலி. ஒரு நிமிடத்தில் திரை மூடிக்கொள்ளும். அந்த ஒரு நிமிடம் தாராளம் என்று குறித்தவளும் அவள்தான்.

"மாமி, இதை செக் பண்ணினதே நான்தான்."

"நன்னாப் பண்ணினே போ."

கண்ணாடியைக் கண்டெடுத்து மாமியை உயிர்ப்பித்தாள். செய்தி பரவி, வராந்தாவில் வரிசை நின்றது. எல்லோரும் பிழைத்து முடிவதற்குள் வெளியே குழுப்படம் எடுத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை அவள் மேலாளரோடு வாதாடி ஒரு நிமிடத்தை ஐந்தாக்கினாள். ராஜினாமாவையும் திரும்பப் பெற்றாள். மனிதவளப் பிரிவில் இருக்கும் மலையாளி அனூப் அவள் விடுப்பில் ஒரு நாளைக் கழித்தான்.

"போட்டோவில நீ இல்லையல்லோ. பின்ன, நீ செஞ்சது நம்ம ஆப்போட காரியம். அது ஜோலி, சேவையில்ல."

மாலையில் அவனே திரும்பி வந்தான்.

"ராஜினாமாவைத் திரும்ப வாங்கிட்டியாமே. சுவர் அடிச்சதுல அர்த்தம் கிடைச்சுதுன்னு ரெண்டு வரி எழுதித் தா. மேலே அனுப்பணும்."

"நான் பிரஷைத் தொடவே இல்லையே."

"டி-ஷர்ட் போட்டிருந்தாயல்லோ. அது மதி, போதும்."

மாளவிகாவுக்கு அடுத்த திரையைச் சோதிக்க வேண்டியிருந்தது. நம்பர் வந்ததும் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, யாரிடமாவது மூக்குக் கண்ணாடி கடன் வாங்கிவர அந்தக் கோடி வரை மெதுவாக நடந்து போனாள்.