வியர்வை தெளிக்கிற வேலை

சின்னவளுக்குச் சிறு வயதிலிருந்தே அழுக்கு ஆகாது. சோப்பில் ஒரு முடி ஒட்டியிருந்தால் அன்றைக்குக் குளியல் கிடையாது. டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். இப்படிப்பட்டவள் பிறந்து வளர்ந்தது ஒரு சலவைக் கடையில். முன் அறையில் ஊரார் துணி மூட்டை மூட்டையாக வந்து விழும். பின் அறையில் வீட்டார் சாப்பிட்டுத் தூங்குவார்கள். நடுவில் ஒரு திரை, அவ்வளவுதான்.

அப்பா போன பிறகு கடையை அக்கா எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு எதுவும் குமட்டாது. காலரைத் திருப்பி ஒரு தடவை முகர்ந்தால் போதும், எவ்வளவு நேரம் ஊற வைப்பது, எந்தத் தொட்டியில் போடுவது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சின்னவளோ மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, தேய்த்து மடித்த துணிகளின் பக்கம் மட்டும் நடமாடுவாள்.

"மகாராணிக்கு ஊர் அழுக்கு ஒத்துக்காதாம்" என்பாள் அக்கா.

அதனால் வெளுத்த துணிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சின்னவளிடம் வந்தது. சைக்கிளும் வந்தது. அந்தச் சைக்கிளை அவள் வைத்திருந்த அழகைச் சொல்ல வேண்டும். செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பாள். துடைத்த பிறகு வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். துணியில் கறுப்பு பட்டால் மறுபடி முதலிலிருந்து.

மலைக்குச் சைக்கிள் பயணம் கூட்டிப்போகும் கம்பெனியின் முதலாளி, பயணம் வருகிறவர்கள் போடும் கம்பெனி ஜெர்சிகளைச் சலவைக்குக் கொடுக்க வந்தவர், வாசலில் நின்ற சைக்கிளின் அந்தச் செயினைத்தான் முதலில் பார்த்தார். அதன் பிறகுதான் அதற்குச் சொந்தக்காரியை. அடுத்த வாரம் சின்னவள் கம்பெனி ஆள்.

அழுக்குக்குப் பயந்து மலைக்குப் போனாள். மலையில்தான் அழுக்கு காத்திருந்தது.

பயணம் மூன்று கணவாய்களைத் தாண்டும். முதல் கணவாய் அடர்ந்த காட்டுக்குள்ளேயே ஏறி இறங்கிவிடும். இரண்டாவதில் மரங்கள் பாசி பிடித்து, நடுப்பகலிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். மூன்றாவதில் கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற மரம் குறைந்து, கடைசியில் வெறும் புல்லும் காற்றும்தான். உச்சியில் உயரம் எழுதிய ஒரு பலகை. அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

சின்னவள் அந்தப் பயணத்தின் கடைசி ஆள். பஞ்சர் ஒட்டுவாள், செயின் மாட்டுவாள். சைக்கிள் மிதிக்கும் கடைசி வாடிக்கையாளரைத் தாண்டிக் கடைசி ஆள் போகவே கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். அவர் நின்றால் நிற்க வேண்டும், உருட்டினால் உருட்ட வேண்டும். அவளுக்குப் பின்னால் சாமான் வேன் மட்டும்.

கடைசியில் வருகிறவளுக்கு முன்னால் போனவர்கள் விட்டதெல்லாம் தெரியும். தெம்புக்காகப் பாதி உறிஞ்சிய இனிப்பு ஜெல் பாக்கெட்டுகள் பெரணிச் செடிகளின் மேல் பிசுபிசுவென்று தொங்கும், எறும்பு மொய்க்கும். ஈர டிஷ்யூக்கள் எதைத் துடைத்தவை என்று அருகில் போகாமலே தெரியும். காட்சி நன்றாக இருக்கும் வளைவு எதுவோ, அங்கேதான் மூத்திர நாற்றமும். "எப்பேர்ப்பட்ட பள்ளத்தாக்கு" என்று சொல்லிக்கொண்டே ஜிப்பைத் திறப்பார்கள். அவள் குச்சியால் குத்திக் குத்திப் பையில் போடுவாள், தலையைத் திருப்பிக்கொண்டு. இதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அந்த ஸ்ப்ரே பாட்டில்.

அது அவள் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு தொடங்கியது. மூன்றாவது கணவாயில் ஏற முடியாமல் ஒருவர் வேனில் ஏறிவிட்டார். உச்சிக்குக் கீழே, சாலைப் பணியாளர்களின் தகரக் கொட்டகை இருக்கும் கடைசி வளைவில் இறங்கி, சைக்கிளை வாங்கிக்கொண்டு, பலகை வரை மிதித்துப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஆனால் படத்தில் ஆள் துளி வியர்வை இல்லாமல், சலூனிலிருந்து வந்தவர் போல இருந்தார். முதலாளிக்கு யோசனை உதித்தது. வண்டி கழுவும் ஸ்ப்ரே பாட்டிலைச் சின்னவளிடம் கொடுத்தார்.

"நெத்தியில லேசா. முதுகுல நடுவுல நல்லா அடி. அக்குளை மறந்துடாதே."

ஒருவர், இருவர் என்று இருந்தது, பாதிக் கூட்டமாகிவிட்டது. மூன்றாவது கணவாயில் மட்டும் வேன் அவளை முந்திப் போய்விடும், அதில் வந்தவர்கள் கொட்டகைக்குப் பின்னால் காத்திருப்பார்கள். அவள் வந்து சேர்ந்து சைக்கிள்களை இறக்கி, வரிசையாக நிற்கும் அக்குள்களில் தண்ணீர் அடித்து அனுப்ப வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், வெட்கமே இல்லாமல். ஒரு கண்ணாடிக்காரர் ஆலோசனையே சொன்னார்:

"இதுல கொஞ்சம் உப்பு கலந்தா, காஞ்சதும் வெள்ளையா கோடு விழும். இன்னும் நம்புற மாதிரி இருக்கும்."

அன்று அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா கண்டுபிடித்தது சலவையில்தான். மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"ஏண்டி, இது எந்த ஊர் நியாயம்? மூணு மலை ஏறின சட்டைங்கிற. நாத்தமே இல்லையே."

சின்னவள் சொன்னாள். அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "யார் அடிக்கிறது?" என்று கேட்டாள்.

"நான்தான்."

அக்கா ஜெர்சியைக் கூடையில் போட்டாள்.

"கையை நல்லாக் கழுவிட்டு வா. சோறு போடறேன்."

அந்த வீட்டில் சின்னவளைப் பார்த்துக் கையைக் கழுவச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விட்டுத் தொலைத்துவிட்டு வரலாமே என்றால், அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. வந்த நாள் முதல் பிறர் முதுகையே பார்த்துப் பாதையை அறிந்தவள். முன்னால் போகிற ஆளாக வேண்டும். யாரும் துப்பாத, எதையும் எறியாத சாலையை முதல் ஆளாகப் பார்க்க வேண்டும். முதலாளியும் வாக்குக் கொடுத்திருந்தார். "இந்த வருஷம் ஒரு புகாரும் இல்லாம முடி. அடுத்த வருஷம் நீதான் முன்னால."

அந்த வருடத்தின் கடைசிப் பயணத்துக்கு ஒரு தையல்கடைக்காரம்மா வந்தார். கனத்த உடம்பு, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. முதல் நாளே சின்னவளிடம் சொல்லிவிட்டார்.

"நான் ஆமை மாதிரிதான் வருவேன், கண்ணு. நீ திட்டிக்கோ. வேன்ல மட்டும் ஏத்திடாதே."

மூன்றாவது கணவாயில் அந்தம்மா மிதித்ததை விட உருட்டியது அதிகம். ஒரு வளைவுக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்து, கையை ஜெர்சியில் துடைத்தார். பாதியில் சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தார். கொஞ்சம் மார்பிலும் தெறித்தது. சின்னவள் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தபடி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"உனக்குக் குமட்டுதா?"

"ஆமாம்மா."

"எனக்கும்தான். வா, போலாம்."

போன் அடித்தது. முதலாளி உச்சியிலிருந்து.

"வேன்ல இருக்கறவங்க எல்லாம் குளிர்ல நடுங்கிட்டிருக்காங்க. வேனைக் கீழே அனுப்பறேன், அந்தம்மாவைத் தூக்கி அதுல போடு."

"வர மாட்டாங்க சார்."

"அடுத்த வருஷம் முன்னால போகணும்னு ஆசை இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்" என்றாள். அந்தம்மா மிதிக்க ஆரம்பித்திருந்தார். கடைசி ஆள் வேறென்ன செய்வாள், போனைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கொட்டகைக்கு வந்தபோது முதலாளி காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே இறங்கி வந்து நின்றார். கம்பளி போர்த்திய கூட்டம் வேனிலிருந்து முறைத்தது. முதலாளி சின்னவள் கையில் பாட்டிலைத் திணித்தார்.

"சீக்கிரம். எல்லாரையும் நனை."

தையல்கடைக்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்ன இது, செடிக்குத் தண்ணியா?"

முதலாளி அப்போதுதான் அந்தம்மாவைச் சரியாகப் பார்த்தார். முகத்தில் உப்புப் பூத்திருந்தது. மேலுதட்டில் சளி. மார்பில் காய்ந்த வாந்தி. அவர் முகம் சுளித்துச் சின்னவளைத் தனியே இழுத்தார்.

"முதல்ல இதைத் துடை. துணி தர்றேன், நல்லாத் துடைச்சுட்டு, அப்புறம் சுத்தமா ரெண்டு அடி அடிச்சு விடு."

"அது நிஜ வேர்வை சார்."

"தெரியும். போட்டோல பார்க்க அசிங்கமா இருக்கும்."

சின்னவளுக்கு வாய்க்குள் உமிழ்நீர் ஊறிப் புளித்தது. இத்தனை வருடத்தில் சளியும் மூத்திரமும் பிசுக்கும் பார்த்து வந்த குமட்டல் எல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. பாட்டிலின் மூடியை ஒழுங்காகத் திருகி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே அடிங்க சார்."

"கடைசி ஆள் நீ. இத்தனை பேரை விட்டுட்டு எங்க போற?"

"சைக்கிள் மிதிக்கிற கடைசி ஆள் பின்னாடிதான் சார் நான் போகணும். அவங்க அதோ போறாங்க."

அந்தம்மா உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தார், சைக்கிளைத் திட்டிக்கொண்டே. சின்னவள் பின்னால் போனாள். பலகைக்குக் கீழே வந்ததும் அந்தம்மா சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். முன்பே ஏறியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள்.

"படம் யாரு எடுக்கறது?"

"அவர் கீழே தண்ணி அடிச்சிட்டிருக்கார்மா."

"நல்லதாப் போச்சு" என்று அந்தம்மா மூக்கைச் சிந்தினார். "பார்க்கிற மாதிரியா இருக்கேன்."

முதலாளிக்கு அளவு தெரியவில்லை. கொட்டகையிலிருந்து வந்தவர்கள் குளத்தில் விழுந்து எழுந்தவர்கள் போல, சொட்டச் சொட்ட, பல் கிடுகிடுக்கப் பலகைக்குக் கீழே நின்றார்கள். கண்ணாடிக்காரர் தும்மிக்கொண்டே சிரித்தார். அந்தப் படம் இன்றும் கம்பெனி அலுவலகச் சுவரில் இருக்கிறது.

அடுத்த வருடம் முன்னால் போனது வேன் டிரைவரின் மச்சான். சின்னவளுக்கு ஆள் அனுப்பவே இல்லை. அவள் கேட்கவும் போகவில்லை. மறுபடி துணி கொண்டுபோகிறாள். விடுமுறை நாளில், விடிந்ததும் கிளம்பி மூன்றாவது கணவாய்க்குத் தனியாகப் போய்வருகிறாள். முன்னால் யார் முதுகும் இல்லை. பழைய பாக்கெட்டுகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. திட்டிக்கொண்டே பொறுக்கி வருகிறாள்.

அந்தக் கடைசிப் பயணத்தின் மூட்டை வழக்கம்போல அக்காவின் கடைக்குத்தான் வந்தது. தையல்கடைக்காரம்மாவின் ஜெர்சி கைக்கு வந்ததும், எதற்கும் முகம் சுளிக்காத அக்காவே இரண்டு விரலால் தூக்கி, "உவ்வே" என்றாள். அதைத் தனித் தொட்டியில் ஊற வைத்தாள். முன்பே ஏறியவர்களின் சட்டைகளையும் ஊற வைத்தாள். மீதியை முகர்ந்து முகர்ந்து ஒதுக்கி, மறுபடி மூட்டையாகக் கட்டி, வாங்க வந்த டிரைவரிடம் நீட்டினாள்.

"இதைத் துவைக்கலையா?"

"எதைத் துவைக்கிறது? தண்ணிதானே. வெயில்ல போடச் சொல்லுங்க உங்க முதலாளியை."

கம்பெனித் துணி அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை.