குசினிக் குளவிகள்

அன்று குசினி வாசலில் இருந்தவர்கள் அம்மா, அப்பாவின் அக்காவான மாமி, சித்தப்பாவின் மனைவியான சின்னம்மா, பிறகு நான். இல்லாதவர்கள் அப்பாவும் சித்தப்பாவும். தலைமன்னாரில் எங்களை விட்டுவிட்டு தூரக் கரையில் தங்கி மீன்பிடிக்கும் மீன்வாடிக்குப் போயிருந்த அவர்கள் திரும்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சித்தப்பா வீட்டில் நின்றிருந்தால் மாமிக்கு அன்று அப்படிப் பேசும் துணிவு வந்திராது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்னம்மா கலியாணம் முடித்து வந்து நாலு வருடம், பிள்ளை இல்லை. "வாற பெருநாளுக்குள்ள ஒண்டும் இல்லையெண்டால் இவளைத் தாய்வீட்டை அனுப்பத்தான் வேணும்" என்று சின்னம்மாவின் காதில் விழும்படியே மாமி சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த நாட்களில்தான் குசினிக் கூரையின் விளிம்பில் ஒரு குளவி வந்து கூடு கட்டத் தொடங்கியது. குளவி கட்டினால் வீட்டில் பிள்ளை தங்கும் என்று மாமி தீர்ப்புச் சொன்னார். இனி அதை யாரும் தொடக்கூடாது.

ஒரு குளவி பத்தாகி, பத்து ஐம்பதானது. நாள் முழுவதும் அடுப்படியில் நின்றவர் சின்னம்மா. கொட்டு வாங்கியவரும் அவரே. அம்மா புகை போடப் போனபோது தடுத்தவரும் அவர்தான். புகை படக்கூடாதென்று அடுப்பையே முற்றத்து வெயிலுக்கு மாற்றி, வீங்கிய கையோடு எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக்கூட்டி வாசித்தவன் நான். அந்தப் பெருமை தலைக்குள் நின்று ஆடியது. பிள்ளை வரம் என்று ஊர் சொல்வது மண்ணால் கூடு கட்டும் குளவியை. இது மண்ணே அல்ல. வேலிக் கம்பைச் சுரண்டி, மென்று, சாம்பல் நிறக் கடதாசியாக்கி அறை அறையாக ஒட்டுவதை நான் மல்லாந்து கிடந்து பார்த்திருந்தேன். மிஷன் பள்ளிக்கூட வாசகப் புத்தகத்திலும் அப்படியே இருந்தது. அன்று குசினி வாசலுக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து உரத்து வாசித்தேன்.

"துரை வந்திட்டார், மச்சாள்," என்று மாமி அம்மாவிடம் சொன்னார். "மண்ணோ கடதாசியோ, குளவி குளவிதானேடா!"

"இல்லை மாமி. இதில ஒண்டுதான் முட்டை போடும். மற்றதெல்லாம் பெறாது. கூடு கட்டும், இரை கொண்டுவரும், அந்த ஒண்டின்ட குஞ்சுகளை வளர்க்கும்."

மாமி சின்னம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எங்கட வீட்டிலயும் அப்பிடியொரு குளவி நிக்குதெண்டு சொல்லு. சோத்துக்கு வேலை செய்யுது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். பாடம் மாமிக்கு இவ்வளவு சுறுக்காய் விளங்கிவிட்டதே என்ற சந்தோஷம் எனக்கு.

சின்னம்மா என் கிட்ட வந்து குனிந்து கேட்டார். "தம்பி, பெறாததுகளைக் கூட்டைவிட்டுக் கலைச்சுப்போடுமோ? புத்தகத்தில என்ன போட்டிருக்கு?"

"ஏன் கலைக்கோணும் சின்னம்மா? அதுகள் இல்லாட்டிக் கூடே இல்லையே!"

நல்ல கேள்வி கேட்கிறார், படித்திருந்தால் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் மண்டைக்கு எட்டியது.

அன்று மத்தியானமே அவர் உலக்கையை எடுத்து, தலையை ஒரு துணியால்கூட மூடாமல், கூட்டை இடித்து விழுத்தினார். நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். "வெறும் கடதாசிதானே," என்றார், முகத்தில் குளவிகள் மொய்க்க.

மூன்றாம் நாள், வீங்கிய கண்கள் திறந்ததும், பேசாலைக்கு ரயிலேறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அனுப்புகிற வேலையை அவர் மாமிக்கு வைக்கவில்லை.

வாடியிலிருந்து வந்த சித்தப்பா நடந்ததைக் கேட்டார். பேசாலைக்குப் போனவர் அங்கேயே குடியிருந்துகொண்டு, அப்பாவுக்கும் தனக்கும் பொதுவான மீன்பிடி வள்ளத்தில் தன் பாதியைக் கேட்டு ஆள் அனுப்பினார்.

குளவிதான் எங்கள் குடும்பத்தைப் பிரித்தது என்று மாமி சாகும்வரை சொன்னார். அம்மாவும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். என்ன அநியாயம்! அந்தச் சொல்லைச் சொன்னது குளவியா? அதைக் கேட்டுச் சிரித்தது குளவியா?

அப்பா இரண்டு வலைகளையும் அம்மாவின் காப்பையும் விற்று, ராசாவின் தலை போட்ட வெள்ளிக் காசாகத் தன் தம்பியின் கையில் அந்தப் பாதிக்கு எண்ணிக் கொடுத்தார். தொண்ணூற்றைந்து ரூபாய்.